முதுமைக்கு ஒளி தந்த மருத்துவர்

இளமை கழிந்தபின் மூப்பு எய்துதல் உயிர்களுக்கு இயற்கை. தலை நரைக்கும், தோல் திரையும், நடை தளரும். இவற்றைத் தடுக்க வல்லார் எவரும் இலர். ஆயினும், மூப்பினால் வருவது எது, நோயினால் வருவது எது என்று பகுத்துணராமல், முதியோர்க்கு வரும் துன்பம் அனைத்தையும் மூப்பின்மேல் ஏற்றிவிடுவது உலகத்தாரிடம் நெடுங்காலமாக வேரூன்றிய வழக்கம். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் இரவென்றும் பாராமல் மருத்துவரிடம் ஓடுகின்ற குடும்பத்தினர், பாட்டனாருக்குப் பார்வை மங்கினால் வயதாகிவிட்டது என்று சொல்லி அமைந்துவிடுகின்றனர். தீரக்கூடிய நோய் தீராமல் நிற்பதற்கு அந்த ஒரு சொல்லே காரணமாகிவிடுகின்றது.

நொய்யலாற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகெங்கும் பெயர் பெற்ற நகரம். கண்ணும் கையும் ஒன்றுபட்டு உழைத்தாலன்றி அங்கே ஒரு பனியன்கூட உருவாகாது. ஊசியில் நூல் கோத்தல், தையலை நேராக ஓட்டுதல், துணியில் விழுந்த சிறு ஓட்டையைக் கண்டறிதல், தைத்து முடிந்த ஆடையிற் பிசிறு வெட்டுதல் ஆகிய எல்லாம் கூரிய பார்வையை வேண்டுவன. இவ்வேலைகளில் முப்பது நாற்பது ஆண்டுகள் ஈடுபட்ட ஒருவருக்குக் கண் மங்குமாயின், இனி இவர் வீட்டில் இருக்கட்டும் என்று சுற்றத்தார் முடிவு செய்வர். அவரும் தலையசைத்து அதற்கு உடன்படுவர். திருப்பூரில் மட்டுமன்று, தறி ஓடும் ஊர்களிலும் ஏர் ஓடும் ஊர்களிலும் இதுவே நடைமுறை.

இம்முடிவு தவறானது என்பதைத் தம் வாழ்நாள் முழுவதையும் சான்றாக வைத்து நிறுவிக் காட்டினார் ஒரு தமிழ்நாட்டு மருத்துவர். அவரே, டாக்டர் வி என்று உலகோரால் அன்புடன் அழைக்கப்பெற்ற கோவிந்தப்ப வெங்கடசாமி ஆவார்.

பிறப்பும் கல்வியும்

வெங்கடசாமி 1918-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அது கரிசற்காட்டு ஊர். வானத்தை நம்பி வாழும் ஊர். தந்தையார் உழவர். பிள்ளைகள் ஐவருள் வெங்கடசாமியே மூத்தவர். தாளும் எழுதுகோலும் கிடைத்தற்கரிய அக்காலத்தில், ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி, அதன்மீது விரலால் எழுதியே அவர் எழுத்தறிவு பெற்றார்.

அவர் சிறுவராக இருந்தபோது, உறவினருள் இளம்பெண்கள் மூவர் மகப்பேற்றுக் காலத்தில் அடுத்தடுத்து உயிர் நீத்தனர். உதவுதற்கு மருத்துவர் ஒருவரும் அருகில் இல்லை. அத்துயரம் அச்சிறுவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தாம் மருத்துவராக வேண்டும், அதிலும் மகப்பேற்று மருத்துவராக வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றபின், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1944-ஆம் ஆண்டு மருத்துவரானார். அடுத்த ஆண்டே இந்தியப் படையின் மருத்துவப் பிரிவிற் பணியேற்றார்.

முடங்கிய விரல்கள்

எண்ணியது ஒன்று, நேர்ந்தது வேறொன்று. முப்பது வயது நிரம்புவதற்குள் கொடிய முடக்குவாதம் அவரைப் பற்றிக்கொண்டது. மூட்டுகள் வீங்கின, விரல்கள் திருகி வளைந்தன. 1948-ஆம் ஆண்டு படைப்பணியினின்றும் அவர் விடுவிக்கப்பட்டார். நெடுங்காலம் படுக்கையிற் கிடந்தார். எழுந்து நிற்றலும் அரிதாயிற்று. எழுதுகோல் பிடித்தலும் அரிதாயிற்று. மகப்பேற்று மருத்துவராகும் எண்ணத்தை அவர் கைவிட வேண்டியதாயிற்று.

பிறர் கையை எதிர்பார்த்து வாழ்வது எத்தகையது என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்தது இவ்வாறுதான். முதுமையில் பலர் அடையும் நிலையை நோய் அவருக்கு முன்கூட்டியே காட்டிவிட்டது. பிற்காலத்தில் முதியோரிடம் அவர் காட்டிய பரிவுக்கு இத்துன்ப நாள்களும் ஒரு காரணமாயிருந்தன எனலாம்.

நோய் சிறிது தணிந்ததும் அவர் மீண்டும் மாணவரானார். கண் மருத்துவத்தைத் தேர்ந்துகொண்டு 1951-ஆம் ஆண்டில் அதில் தேர்ச்சி பெற்றார். வளைந்த விரல்களால் அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தாமே பழகினார். தம் கைக்கு ஏற்ற கருவிகளையும் அமைத்துக்கொண்டார். மயிரிழை பிசகினாலும் கண் போய்விடும் அந்நுட்ப வேலையில் அவர் கை நாளடைவில் தேர்ந்தது. ஒரே நாளில் நூறு பேருக்கு அறுவை செய்யும் ஆற்றலையும் அவர் பெற்றார். தம் வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்தைக் கடந்தன.

கண்புரையும் முதியோரும்

1956-ஆம் ஆண்டு வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் மருத்துவராகவும் அமர்ந்தார். அம்மருத்துவமனையே பின்னாளில் அரசு இராசாசி மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. அங்கே அவரை நாடி வந்தோருள் பெரும்பாலோர் கண்புரையால் பார்வை இழந்த முதியோர்.

கண்ணின் பாவைக்குப் பின்னால் பளிங்கு போன்ற வில்லை ஒன்று உண்டு. அது ஒளியைக் குவித்துக் கண்ணின் உட்திரையில் வீழ்த்துகின்றது. வயது முதிர முதிர அவ்வில்லை தெளிவு குன்றிப் பால் கலந்த நீர்போல் ஆகிவிடுகின்றது. இதுவே கண்புரை. முதலில் புகை படர்ந்தாற்போலத் தோன்றும். பின்னர் ஆள் அடையாளம் தெரியாது. இறுதியில் வெளிச்சமும் இருளுமே எஞ்சும். நாட்டில் 1980-களில் எடுக்கப்பெற்ற கணக்கெடுப்பு ஒன்று, பார்வை இழந்தோருள் ஐந்தில் நான்கு பங்கினர் கண்புரையாலேயே அதனை இழந்தனர் என்று காட்டிற்று. அவர்கள் அனைவரும், குறுகிய நேரத்தில் முடியும் ஓர் அறுவையால் பார்வை பெறக்கூடியவர்கள்.

அவ்வாறிருந்தும் அவர்கள் ஏன் இருளில் இருந்தனர்? மருத்துவமனை தொலைவில் இருந்தது என்பது ஒரு காரணம். கையிற் பொருள் இல்லை என்பது மற்றொன்று. எல்லாவற்றினும் பெரிய காரணம், கிழவருக்குக் கண் எதற்கு என்ற எண்ணமே. பார்வையிழந்த முதியவர் உண்பதற்கு வாய் உடையவர், உழைப்பதற்குக் கை இல்லாதவர் என்று வறிய குடும்பங்களில் கருதப்பட்டார். திண்ணையின் ஓரம் அவருக்கு இடமாயிற்று. பிறர்க்குப் பாரமாகிவிட்டோமே என்று அவரும் நாணிக் குறுகினார்.

இந்நிலையை மாற்ற வேண்டுமாயின், நோயாளி மருத்துவரைத் தேடி வரும்வரை காத்திருத்தல் ஆகாது என்று வெங்கடசாமி தெளிந்தார். 1960-களில் சிற்றூர்தோறும் கண் மருத்துவ முகாம்களை நடத்தத் தொடங்கினார். மருத்துவருக்குத் துணை நிற்கும் கண் மருத்துவ உதவியாளரைப் பயிற்றும் திட்டத்தை 1973-ஆம் ஆண்டு தொடங்கினார். அவ்வாண்டே இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

ஓய்வில் ஒரு தொடக்கம்

1976-ஆம் ஆண்டு, 58 வயதளவில், வெங்கடசாமி அரசுப் பணியினின்றும் ஓய்வு பெற்றார். அலுவலக விதிப்படி அவர் முதியவராகிவிட்டார். உடலோ நோயால் நலிந்தது. ஓய்வூதியத்தைப் பெற்றுக்கொண்டு வீட்டில் அமர்ந்திருந்தால் அவரைக் குறை கூறுவார் ஒருவருமிலர். ஆயினும் அவர் அவ்வாண்டிலேயே மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். புதுவையில் வாழ்ந்த அரவிந்தரிடத்துக் கொண்ட பற்றினால், அதற்கு அரவிந்த் கண் மருத்துவமனை என்று பெயரிட்டார்.

கையில் முதல் இல்லை. கடன் தருவாரும் அரியர். உடன்பிறந்தார் அனைவரும் அவருக்குத் தோள் கொடுத்தனர். தங்கையார் நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள். அவ்விருவரும் அவருடன் இணைந்தனர். தம்பி சீனிவாசன் கட்டட வேலையையும் கணக்கையும் ஏற்றார். வீட்டை அடகு வைத்தும் நகைகளை ஈடு வைத்தும் பொருள் திரட்டினர். வெங்கடசாமி திருமணம் செய்துகொள்ளவில்லை. மருத்துவமனையிலிருந்து ஊதியம் பெறாது, தம் ஓய்வூதியத்தைக் கொண்டே எளிய வாழ்க்கை நடத்தினார்.

பொருள் கொடுக்க வல்லார் கட்டணம் கொடுத்தனர். இயலாதவர் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றனர். முன்னவரிடமிருந்து பெற்ற வருவாயில் மிஞ்சியது பின்னவர்க்குப் பயன்பட்டது. கட்டணம் செலுத்த இயலாது என்பாரிடம் அதற்குச் சான்று கேட்கும் வழக்கம் இல்லை. படுக்கையிலும் அறையிலும் வேறுபாடு இருந்தது உண்மை. ஆனால் அறுவையில் வேறுபாடு இல்லை. கட்டணம் செலுத்துவோர்க்கு அறுவை செய்யும் மருத்துவர்களே மாறி மாறி இலவசப் பிரிவிலும் பணியாற்றினர்.

அமெரிக்க நாட்டில் மக்டொனால்டு என்னும் சிற்றுண்டிச் சாலைகளை வெங்கடசாமி கண்டிருந்தார். எந்த ஊரில் நுழைந்தாலும் ஒரே முறையும் ஒரே தரமும் அங்கே இருந்தன. உண்பொருளில் இயலும் இவ்வொழுங்கு கண் மருத்துவத்தில் ஏன் இயலாது என்று அவர் எண்ணினார். அறுவை அறையில் இரண்டு மேசைகள் இடப்பட்டன. ஒன்றில் மருத்துவர் அறுவை செய்யும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி ஆயத்தம் செய்யப்படுவார். சிற்றூர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்றுப் பயிற்சி பெற்ற இளம்பெண்கள் மற்ற வேலைகளையெல்லாம் திறம்படச் செய்தனர். அதனால் மருத்துவரின் நேரம் சிறிதும் வீணாகாது மிகப் பலருக்குப் பயன்பட்டது.

அழைத்தும் வாராதவர்

இவ்வளவு செய்தும் ஒரு வியப்பு எஞ்சியிருந்தது. அறுவைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்த பின்னும், முகாமிற் கண்புரை உண்டெனக் கண்டறியப்பெற்ற முதியோருள் பலர் அறுவைக்கு வரவில்லை. ஏன் என்று ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. பேருந்துக் கட்டணம் இல்லை. தங்கும் நாள்களில் உணவுக்கு வழி இல்லை. உடன் வருவார் இல்லை. அறுவை என்றதும் அச்சம் ஒருபுறம். இருக்கின்ற பார்வையே போதும், எஞ்சிய காலத்தை இப்படியே ஓட்டிவிடலாம் என்ற மனத்தளர்ச்சி மற்றொருபுறம். மகனோ ஒருநாட் கூலியை இழந்து தந்தையை அழைத்துவர இயலாதவன். சில வீடுகளில் அழைத்துவர மனமில்லாதவன்.

இலவசம் என்ற சொல் மட்டும் முதியவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்க்காது. அவர் கையைப் பற்றி அழைத்துவர ஒருவர் வேண்டும். இதனை உணர்ந்த மருத்துவமனையார் ஊரிலேயே கண்ணைச் சோதித்தனர். அறுவை வேண்டுவோரை அங்கிருந்தே பேருந்தில் ஏற்றிவந்தனர். உணவும் இடமும் மருந்தும் கண்ணாடியும் அளித்தனர். அறுவை முடிந்ததும் மீண்டும் ஊரிற் கொண்டுபோய் விட்டனர். ஓர் ஊரினர் பலர் ஒன்றாக வருவதனால் ஒருவர்க்கொருவர் துணையாயினர்; அச்சமும் குறைந்தது. பார்வை பெற்று ஊர் திரும்பிய மூதாட்டி ஒருவரின் முகத்தைவிடச் சிறந்த விளம்பரம் வேறு யாது?

கண்ணுள் வைத்த வில்லை

முற்காலத்தில் புரை படர்ந்த வில்லையை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகத் தடித்த மூக்குக் கண்ணாடி அளிப்பர். அது உடைந்தாலோ தொலைந்தாலோ பார்வையும் தொலையும். இலண்டன் மாநகரில் ஹரோல்டு ரிட்லி என்னும் கண் மருத்துவர் 1949-ஆம் ஆண்டில், கண்ணின் உள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்திக் காட்டினார். அம்முறை மெல்ல உலகிற் பரவியது. எனினும் அயல்நாட்டிலிருந்து வந்த வில்லையின் விலை ஏழை எளியோர்க்கு எட்டாததாக இருந்தது. செல்வருக்கு ஒரு பார்வை, வறியவருக்கு ஒரு பார்வை என்னும் வேற்றுமையை வெங்கடசாமி ஏற்கவில்லை. அயல்நாட்டு நண்பர்களின் துணையோடு 1992-ஆம் ஆண்டு மதுரையில் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் தொடங்கப்பெற்றது. அயல்நாட்டு வில்லையின் விலையில் மிகச் சிறு பங்குக்கு அங்கே வில்லைகள் உருவாயின. அவை தமிழ்நாட்டு முதியோர்க்கு மட்டுமன்றி, பல நாடுகளின் எளியோர்க்கும் பயன்பட்டன.

மருத்துவமனைகளும் பெருகின. 1985-இல் தேனியிலும், 1988-இல் திருநெல்வேலியிலும், 1997-இல் கோயம்புத்தூரிலும், 2003-இல் புதுவையிலும் அவை எழுந்தன. பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய நிறுவனம், ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர்க்கு அறுவை செய்யும் பெருநிலையமாக வளர்ந்தது. இவ்வளர்ச்சி முழுவதும் அவர் ஓய்வு பெற்றபின் நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. வளைந்த விரல்களுடனும் நீங்காத வலியுடனும், எழுபதிலும் எண்பதிலும் அவர் மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருந்தார். 2006-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள், தம் 87-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

கற்க வேண்டிய பாடம்

1978-ஆம் ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பெற்றது. முதுமையில் வரும் நோயும் நோயே, அதற்கும் முறையான மருத்துவம் உண்டு என்ற உணர்வு நாட்டில் மெல்ல வளர்ந்தது. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களுள் பத்துப் பேரில் ஒருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர். ஆதலின் இவ்வுணர்வு முன்னினும் இன்று மிகுதியாக வேண்டப்படுகின்றது.

வெங்கடசாமி தொடங்கிய மருத்துவமனையின் கிளைகள் இன்று திருப்பூரிலும் உடுமலைப்பேட்டையிலும் உள்ளன. பின்னலாடை உழைப்பாளரும், தறி நெய்வோரும், காட்டு வேலை செய்வோரும் கண் மங்கியதும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாற்பது வயதுக்குமேல் அண்மையிலுள்ள பொருள் தெளிவாகத் தெரியாமை பெரும்பாலோர்க்கும் வரும் குறை. அது ஒரு மூக்குக் கண்ணாடியால் நீங்கும். அசாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது வயதைக் கடந்த தொழிலாளருள் ஒரு பகுதியினர்க்கு அத்தகைய கண்ணாடி அளித்துச் சோதித்தனர். அளிக்கப்பெறாதவரைவிட, அளிக்கப்பெற்றவரின் வேலைத்திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுதியாக உயர்ந்தது என்று 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வு கூறுகின்றது. இலை பறிக்கும் கைக்குப் பொருந்துவது ஊசி கோக்கும் கைக்கும் பொருந்துமன்றோ?

ஆயினும், உழைக்க வல்லவர் ஆகின்றார் என்பதற்காக மட்டும் முதியவர்க்குப் பார்வை தருதல் வேண்டும் என்பதன்று. இனி ஊசி கோக்கப்போவதில்லை என்ற மூதாட்டிக்கும் பேரக்குழந்தையின் முகம் காணும் உரிமை உண்டு. தம் உணவைத் தாமே கண்டு உண்ணும் உரிமை உண்டு. வாயிற்படியில் தடுக்கி விழாமல் நடக்கும் உரிமை உண்டு. பயன் கருதி அளந்து கொடுப்பது வணிகம். துன்பம் கண்டு துடைப்பதே மருத்துவம். வெங்கடசாமி இவ்விரண்டனுள் பின்னதையே தம் வழியாகக் கொண்டார்.

எனவே, மாணவர்கள் தம் இல்லத்து முதியோரைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். பாட்டனார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டாரா? பாட்டியார் அரிசியிற் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டாரா? விளக்கு ஏற்றிய பின்னும் சுவரைத் தடவி நடக்கின்றாரா? வயதாகிவிட்டது என்று சொல்லி நின்றுவிடாமல், அவர் கையைப் பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே கடமை. அக்கடமையைச் செய்யும் ஒவ்வோர் இளைஞரிடத்தும், வளைந்த விரல்களால் ஒரு லட்சம் கண்களுக்கு ஒளி தந்த அப்பெருமகனாரின் பணி தொடர்ந்து வாழும்.